லாஸ்பேட்டை ‘சிஸ்டர் வகுப்பு’: ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு நானும் மகளும் போய்வந்தோம்

வேண்டிய விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்கு 600 ரூபாய், படிக்கிற பிள்ளைகளுக்கு 300. காலை 9.30 முதல் மாலை 5 வரை, மதியச் சாப்பாடு உண்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில், தகரக் கூரை போட்ட கூடத்தில் நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற அம்மா முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் சின்னப் பிள்ளை முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘சிஸ்டர்’. நானும் அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து காலை ஏழரை மணி பஸ்ஸில் கிளம்பினோம். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் போனோம். ஒன்பதே காலுக்கே போய்விட்டோம். வகுப்பு தொடங்கும்போது பத்தே கால். இதை ஒரு குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற குறைகளைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய நகரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள், டிவியில் குண்டு வெடித்தது என்று கேட்டதும் வயிறு கலங்கிப் போனைத் தேடுகிறவர்கள், பெரிய நகரத்தில் வாழ்ந்துவிட்டு வந்தும் அந்தப் பயம் விடாதவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்த மூன்றிலும் சேர்த்தி.

1999-லிருந்து 2012 வரை மும்பையில் இருந்தேன். சர்ச்கேட் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு வேலை, மீரா ரோட்டில் வாடகை வீடு. 2006 ஜூலை 11 செவ்வாய்க்கிழமை. அன்று மாலை 6.24-க்குத் தொடங்கி 11 நிமிடத்துக்குள் ஏழு லோக்கல் ரயில்களில் குண்டு வெடித்தது. ஏழுமே சர்ச்கேட்டிலிருந்து வடக்கே, வீட்டுக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு போன ரயில்கள். ஏழுமே முதல் வகுப்புப் பெட்டியில். 180 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எனக்கு இரண்டாம் வகுப்பு பாஸ். நான் இருந்தது பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில். தாதர் தாண்டியதும் நின்றுவிட்டது. அரை மணி நேரம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகக் குதித்துத் தண்டவாளத்து ஜல்லியில் நடக்கத் தொடங்கினோம்.

மாட்டுங்கா ரோட்டுக்கும் மாஹிமுக்கும் நடுவில் வெடித்த ரயில் நின்றிருந்தது. பெட்டியைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தண்டவாள ஓரத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் பேனா அப்படியே செருகியிருந்தது. தொடையைத் தன் இரண்டு கையாலும் பிடித்திருந்தார், விரல் இடுக்கு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்து வாயை அசைத்தார். என் கையில் ஒரு குடை, ஒரு டிபன் பை. நின்றேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. தண்டவாள ஓரக் குடிசைகளிலிருந்து ஆண்களும் பெண்களும் வீட்டுப் படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நாலு பேர் அவரை ஒரு பூப்போட்ட விரிப்பில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த விரிப்பின் ஒரு முனையைக்கூட நான் பிடிக்கவில்லை. அவர் பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ரயில் ஓடியது. நானும் ஏறினேன். மும்பைக்காரர்களுக்குத் தைரியம் அதிகம் என்று பேப்பரில் எழுதினார்கள். என் பெட்டியில் இருந்தவர்களைப் பார்த்தேன். எல்லோரும் மேலே சாமான் வைக்கிற கம்பித் தட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சம்பளத்துக்காக ஏறினோம்.

அப்புறம் 2008 நவம்பர் 26, துப்பாக்கிக்காரர்கள் மும்பைக்குள் புகுந்து சுட்ட நாள். அப்புறம் 2011 ஜூலை 13-ல் ஜவேரி பஜார், ஓபரா ஹவுஸ், தாதர் குண்டுவெடிப்பு. அந்த இரண்டின்போதும் நான் தொலைவில் இருந்தேன். ஆனால் என் உடம்புக்குத் தொலைவு தெரியவில்லை. கூட்டம் என்றால் கதவுப் பக்கம் போய் நிற்பேன். தனியாக ஒரு பை கிடந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன். 2012-ல் ஊருக்கே வந்துவிட்டோம். ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்த சமயம், பலா, முந்திரித் தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது ஊரே போகும். என் மனைவிதான் மகளைக் கூட்டிக்கொண்டு போவாள். நான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பாடலீஸ்வரர் தேர் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும். மாடியில் நின்று பார்ப்பேன்.

போன வருடம், 2025 ஜூலை 21-ஆம் தேதி, அந்த ரயில் வழக்கில் தண்டனை பெற்ற 12 பேரையும் பம்பாய் உயர்நீதிமன்றம் விடுவித்த செய்தி வந்தது. பத்தொன்பது வருடம் ஆகியும், அதைச் செய்தது யார் என்று மனசுக்கு ஒரு பதில் இல்லாமல் போனது. அன்றிரவு அந்தப் பூப்போட்ட விரிப்பு கனவில் வந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து மகளுக்கு வேலை கிடைத்தது. எங்கே? மும்பை அந்தேரியில்.

வேண்டாம் என்றேன். சென்னையில் பார்க்கலாம், பெங்களூரில் பார்க்கலாம் என்றேன். அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க பயப்படுறது தப்புன்னு நான் சொல்லல. ஆனா நீங்க பயந்ததால அங்க என்ன நின்னுச்சு, சொல்லுங்க” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவிதான் இந்த வகுப்பைக் கண்டுபிடித்தாள். கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி போய்வந்திருக்கிறான். சிப்காட் பக்கம் இருக்கிறவர்களுக்கு இராத்திரியில் காற்றில் ஒரு மாதிரி வாசனை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பயம் ஒன்று உண்டு. அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டு வாங்க. வந்தப்புறம் வேண்டாம்னா நானும் வேண்டாம்னு சொல்றேன்” என்றாள்.

இனி வகுப்பு.

மொத்தம் 28 பேர். ஒரு தனியார் பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மா, வீராம்பட்டினத்திலிருந்து மீனவப் பெண்கள் நாலு பேர், கல்லூரிப் பிள்ளைகள், பேரனைப் பார்த்துக்கொள்கிற தாத்தா ஒருவர். ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார வைத்தார். சிஸ்டருக்கு 67 வயது. குட்டையான உருவம், கணீரென்ற குரல். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. “உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர் ரத்தந்தான். பெரிய ரத்தக்குழாய் அறுந்தா ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் அது காத்திருக்காது. அதனால 108 வர்றதுக்கு முன்னாடி நீங்க இருக்கீங்க” என்று தொடங்கினார்.

ரத்தம் நிறுத்துகிற பாடத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். இந்த வகுப்புக்கு 600 ரூபாய் தரலாமா என்று கேட்டால், இதற்கு மட்டுமே தரலாம் என்பேன். சிஸ்டரே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார். பழைய மெத்தைப் பஞ்சைத் தொடை அளவுக்கு உருட்டி ரெக்சின் சுற்றித் தைத்தது. நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கிழிசலின் அடியிலிருந்து குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று வெளியே வந்து, ஜன்னல் கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் முடிகிறது. பாட்டிலில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். சிஸ்டரின் பேத்தி பாட்டிலைப் பிடித்துப் பிடித்து அமுக்குவாள். நாடி துடிக்கிற கணக்கில் கிழிசலிலிருந்து சிவப்புத் தண்ணீர் குபுக் குபுக்கென்று வரும்.

என் முறை வந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். முதல் குபுக்கில் என் கை பின்னால் போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. சிஸ்டர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். வேட்டித் துணிச் சுருள் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

“உள்ள திணி தம்பி. மேலாக்க வைக்காத. ரத்தம் வர்ற இடம் அடியில இருக்கு, விரலால தேடி அங்க அடை.”

திணித்தேன். வெதுவெதுவென்று இருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் சூடுபடுத்தி வைத்திருக்கிறார்கள், இது தெரியாமல் போனேன்.

“இன்னும் திணி. இடம் இருக்கு. ம். இப்ப ரெண்டு கையும் ஒண்ணுமேல ஒண்ணு. முழங்கை மடங்கக்கூடாது. கையால அமுக்காத, உடம்பால சாஞ்சு அமுக்கு.”

சாய்ந்தேன். துணியின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது, அப்புறம் நின்றது. நின்றுவிட்டதா என்று பார்க்கக் கையைத் தூக்கினேன். குபுக்கென்று வந்தது.

“எதுக்குக் கையெடுத்த? பாக்காத. எடுத்து எடுத்துப் பாத்தா உறையுற ரத்தமும் பிச்சுக்கும். டாக்டர் வந்து எடுன்னு சொல்ற வரைக்கும் உன் கை உன்னோடது இல்ல, அந்தாளோடது.”

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மூன்று நிமிடம் கையெடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோள் எரிந்தது. என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நடுங்குகிற கையாலும் அமுக்கலாம், ரத்தம் நிற்கிறது. பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம் இது. அந்த மனிதரின் தொடை என் கைக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. என் தோளில் ஒரு பருத்தித் துண்டு இருந்தது.

அழுதுவிட்டேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. “இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு, அமுக்கு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்து, அமுக்கியும் நிற்காதபோது கையிலோ காலிலோ போடுகிற கட்டு. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல், நாலு விரல் அகலத்துக்காவது துணி இருக்க வேண்டும். கயிறு, ஒயர், ஷூ லேஸ் கூடாது, சதையை வெட்டிவிடும். முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கிறவரை முறுக்க வேண்டும். வலியில் கத்துவார்கள், நிறுத்தக்கூடாது. கட்டிய நேரத்தை அவர் உடம்பிலேயே பேனாவால் எழுத வேண்டும். நடுவில் தளர்த்தக்கூடாது. உள்ளே குத்திக்கொண்டிருக்கிற கம்பி, கண்ணாடி எதையும் பிடுங்கக்கூடாது, அதைச் சுற்றித்தான் துணி வைக்க வேண்டும். என் மகள் தன் துப்பட்டாவையும் பஸ் கண்டக்டரிடமிருந்த மர ஸ்கேலையும் வைத்து என் கையில் கட்டிக் காட்டினாள். அரை நிமிடத்தில் கட்டிவிட்டாள். என் விரல் வெளுத்துப்போனதும் சிஸ்டர் அவிழ்க்கச் சொன்னார்.

இதயம் நின்று மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சை அமுக்குவது, தொண்டையில் அடைப்பு, தீக்காயம் எல்லாம் நடந்தது. நெஞ்சமுக்குவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழம். தீக்காயத்துக்குப் பேஸ்ட், மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், ஆனால் இதெல்லாம் வேறு இடங்களிலும் கிடைக்கும்.

சாப்பாடு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர். வீட்டுச் சமையல், குறையில்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த ஒரு மணி நேரம் வேறெங்கும் கிடைக்காது. “இப்ப பயத்தைப் பத்திப் பேசலாம்” என்று உட்கார்ந்தார். சுனாமி வந்த 2004-ல் தான் பார்த்ததைக் கொஞ்சம் சொன்னார். தேவனாம்பட்டினத்திலும் வீராம்பட்டினத்திலும் மாதக்கணக்கில் கடல் பக்கம் திரும்பிப் படுக்காத ஜனங்களைப் பற்றிச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த நாலு பெண்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், “இப்பவும் தண்ணி உள்வாங்குனா எம் புள்ளைய எண்ணுவேன்” என்றார்.

சிஸ்டர் யாரையும் பயப்படாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரையும், பயம் வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன்: கூட்டத்துக்குப் போவதில்லை, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் பார்ப்பேன், செய்தி வந்தால் விடிய விடிய டிவி பார்ப்பேன், போன் எடுக்கிறவரை அடித்துக்கொண்டே இருப்பேன்.

இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று அவர் பிரித்துக் காட்டினார். சீட்டுக்கு அடியில் பார்ப்பது சரி, ஒரு தடவை பார். வெளியே போகிற வழி எங்கே என்று பார்ப்பது நல்ல பழக்கம், பார்த்துவிட்டு உட்கார். ஆளில்லாத பை கிடந்தால் தொடாதே, நகர்த்தாதே, யாருடையது என்று சத்தமாகக் கேள். யாரும் சொல்லவில்லை என்றால் தள்ளிப் போ, மற்றவர்களையும் தள்ளிப் போகச் சொல். ரயிலில் 139, மற்ற இடத்தில் 112. எங்காவது வெடித்தால் வேடிக்கை பார்க்க நிற்காதே, இரண்டாவதும் வெடிக்கலாம். அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால், அவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம், முகத்துக்கு நேராகப் போய்ப் பேசு. விட வேண்டியது இரண்டு. போகாமல் இருப்பது ஒன்று. “நீ போகாத ஒவ்வொரு தடவையும் உன் பயத்துக்கு நீ சோறு போடுற” என்றார். இன்னொன்று டிவி. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை செய்தி பார்த்தால் போதும், ஒரே காட்சியை நாற்பது தடவை பார்த்தால் உடம்பு நாற்பது தடவை அங்கே போய்வரும்.

மும்பையில் 2008-ல் நடந்த ஒன்றையும் சொன்னார். சிஎஸ்டி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்த விஷ்ணு ஜெண்டே, துப்பாக்கியால் சுடுகிறவர்களைத் தன் அறையிலிருந்து பார்த்துவிட்டு, மைக்கை விடாமல், எந்தப் பக்கம் போக வேண்டாம், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேர் அதனால் தப்பினார்கள். “அவருக்குப் பயமில்லையா? இருந்திருக்கும். கையில மைக் இருந்துச்சு” என்றார் சிஸ்டர். எனக்கு ஜெண்டேயைத் தெரியும், மும்பைத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை.

மகள் ஒரு கேள்வி கேட்டாள். மும்பை லோக்கல் ரயில் தடத்தில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள், தண்டவாளம் தாண்டும்போதும் கூட்டத்தில் தவறி விழுந்தும். அதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வெடிகுண்டைப் பற்றி மட்டும் சொல்கிறார், ஏன் என்று. சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: விழுகிறது நம் கையில் இருக்கிறது என்று தோன்றுகிறது, மற்றது இன்னொருத்தன் மனசில் இருக்கிறது. சிஸ்டர் அதை ஒத்துக்கொண்டார். அப்புறம் மகளிடம், “அப்பா சொல்றது நிஜம். நீ சொல்றதும் நிஜம். வாசல்ல தொங்காத. எது நடந்தாலும் அமுக்குற கை ஒண்ணுதான்” என்றார்.

பிறகு எங்கள் இருவரையும் எல்லோர் முன்னாலும் ஓர் ஒப்பந்தம் போட வைத்தார். ஏதாவது நடந்தால் மகள் ஒரே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்: ‘நலம்’, கூடவே இருக்கிற இடம். கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் லைன் அடைத்துக்கொள்ளும், எஸ்எம்எஸ் பெரும்பாலும் நுழைந்துவிடும் என்பதால். அது வந்த பிறகு இரண்டு மணி நேரம் நான் போன் செய்யக்கூடாது. அவளுடைய போனில் சார்ஜும் லைனும் அவளுக்கு வேண்டும். எனக்குத் தனியாக ஒன்று: மூச்சு. “பயம் வந்தா எல்லாரும் மூச்சை இழுத்து இழுத்து நெஞ்சு அடைச்சுக்குவாங்க. நீ வெளிய விடு. மெதுவா, விளக்கை அணைக்காம ஊதுற மாதிரி.” இராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ், அரசு நடத்துகிற இலவச மனநல எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நான் அக்டோபரில் ஒரு தடவை பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

குறைகள். 28 பேருக்கு நெஞ்சமுக்கப் பழக ஒரே ஒரு பொம்மை. எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், நிச்சயமாகப் போதாது. ஒரு வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கக்கூடாது, கட்டணத்தைக் கூட்டினாலும் பரவாயில்லை. தகரக் கூரை, இரண்டே மின்விசிறி, மதியம் வேர்வையில் குளித்துவிட்டோம். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பாம்புக்கடியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கட்டாதே, கீறாதே, கடிபட்ட கைகாலை ஆட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்பதோடு சரி. நம் கடலூர் மாவட்டத்துக் கரும்பு வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அதை விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசியில் கொடுக்கிற அச்சுத் தாளில் எழுத்து எறும்பு அளவு. வேலைக்குக் காட்டுகிற மாதிரி சான்றிதழ் கிடையாது, அது வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய விடுவார்களா என்று ஆட்டோக்காரப் பையன் ஒருவன் கேட்டதற்குச் சுருக்கமாகத்தான் பதில் சொன்னார். சாலை விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. இதை அந்தத் தாளில் பெரிதாகப் போடலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில், தவளக்குப்பம் தாண்டியதும், எங்களுக்கு முன் சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருந்ததைப் பார்த்தேன். சீட்டில் ஆளில்லை. இதுவரை இப்படி எத்தனை பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறேன் என்று கணக்கில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, “இந்தப் பை யாரோடது?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. முன்னால் நின்றிருந்த பாட்டி திரும்பி, “என்னோடது சாமி, கருவாடு, பாத்துக்க” என்றார். உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கடலூர் வரை வாயால் ஊதிக்கொண்டே வந்தேன்.

அக்டோபரில் மகள் புதுச்சேரியிலிருந்து தாதர் போகிற சாளுக்கியா எக்ஸ்பிரஸில் கிளம்பினாள். அவள் பையின் முன்பக்க ஜிப்பில் சிஸ்டர் சொன்னபடி ஒரு பொட்டலம் வைத்தேன்: நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த வேட்டித் துணிச் சுருள் மூன்று, கட்டுவதற்கு அகலத் துணி ஒன்று, கையுறை இரண்டு ஜோடி, ஒரு விசில், ஒரு மார்க்கர் பேனா. என் பழைய வேட்டிதான். கிழித்துக் கொடுத்தது என் மனைவி.

நவம்பர் 10-ஆம் தேதி மாலை டெல்லி செங்கோட்டை மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் கார் வெடித்த செய்தி வந்தது. நான் கடையில் இருந்தேன். பக்கத்துக் கடை டிவியில் ஓடியது. டெல்லி எங்கே, மும்பை எங்கே, எனக்குத் தெரியும். கால் தெரிந்துகொள்ளவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழரைக்குள் போன் அதிர்ந்தது. ‘நலம். அந்தேரி ஸ்டேஷன்.’ நான் கேட்காமலே அனுப்பியிருந்தாள். பதிலுக்கு ‘சரிம்மா’ என்று மட்டும் போட்டேன். ஒப்பந்தப்படி ஒன்பதரைவரை போன் செய்யவில்லை. அந்த இரண்டு மணி நேரம் சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். டிவி ஓடுகிற பக்கம் போகாமல் ஸ்டாக் நோட்டை எடுத்து ஒரு மாதக் கணக்கைச் சரிபார்த்து முடித்தேன். ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள். இரண்டு நிமிடம் பேசினோம், அதில் ஒரு நிமிடம் அவள் மெஸ்ஸில் போட்ட சாம்பாரைப் பற்றி.

அடுத்த மாத வகுப்புக்கு மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பத்தவில்லை, நெஞ்சமுக்குவதை இன்னும் நன்றாகப் பழக வேண்டும். இந்தத் தடவை மனைவியும் வருகிறாள். போகிறவர்கள் முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு பழைய போர்வை எடுத்துப் போங்கள். ஜமுக்காளம் மெல்லிசு, தரை கடப்பைக் கல்.